உடம்புக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்

(நமது அறக்கட்டளையின் நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மழைக்காலம் வந்தால் நம் மஹல்லாக்களில் சளி, காய்ச்சல் வராத வீடு இல்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் மூச்சுக்காற்றில் பரவும் நோய்கள் ஒரு சமுதாயத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோன வரலாறு உண்டு. நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அந்தமானில்தான் அது நடந்தது.

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, அங்கே கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடி மக்கள் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். வெளியாட்களோடு நோய்களும் கரையிறங்கின. 1877-இல் தட்டம்மை பரவிப் பெருந்தொகையானோர் மாண்டார்கள். வேறு நோய்களும் மோதல்களும் சேர்ந்துகொள்ள, 1901 கணக்கெடுப்பில் 625 பேரும், 1961-இல் வெறும் 19 பேருமே எஞ்சினார்கள்.

காரணம் என்ன? முன்பு சந்தித்த கிருமி மறுபடி வந்தால் நம் வெள்ளையணுக்கள் அடையாளம் கண்டு விரைந்து எதிர்க்கும். தட்டம்மையையே அறியாத தீவில் அந்த நினைவு யார் உடம்பிலும் இல்லை. தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில் படுத்தால் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருக்காது.

பிறப்பிலும் சில வேறுபாடுகள் உண்டு. கிருமியின் துணுக்கை வெள்ளையணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் பெற்றோரிடமிருந்து வருபவை. 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களிடம் பரவலாக உள்ள சில எச்.எல்.ஏ. வகைகள் இன்ஃபுளுவென்சாவுக்கு எதிராக வெள்ளையணுக்களை வலுவாகத் தூண்டுவதில்லை என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் கண்டார்கள். நெருக்கடியான வீடுகளும் சர்க்கரை நோயும் ஆபத்தைக் கூட்டின.

அப்படியானால் பிறப்போடு எல்லாம் முடிந்ததா? இல்லை. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட அதே மக்களைப் பற்றிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. தடுப்பூசிக்குப் பின் அவர்களுக்கும் நல்ல எதிர்ப்பு சக்தி உண்டானது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போன்ற நோய் உள்ளவர்களிடம்தான் அது குறைந்திருந்தது. அந்தமானிலும் 2020 ஆகஸ்டில், ஐம்பது பேர் அளவே உள்ள கிரேட் அந்தமானியரில் பத்துப் பேருக்குக் கொரோனா கண்டது. பரிசோதித்து, தனிமைப்படுத்தி, சிகிச்சை அளித்ததில் குணமடைந்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு நம்மில் எத்தனை? கோட்டைப்பட்டினமானாலும் அறந்தாங்கியானாலும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்துபோகிறார்கள். பெரியவர்கள் உம்ரா போய் வருகிறார்கள். கிருமிக்கு விசா தேவையில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. குழந்தைக்கு ஒன்பதாம் மாதமும், ஒன்றரை வயதை ஒட்டியும் அரசு இலவசமாகப் போடும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களுக்கு இன்ஃபுளுவென்சா ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வைரஸ் அடிக்கடி மாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். தடுப்பூசியின் பலனும் அதைப் பொறுத்தது. காய்ச்சல் உள்ளவர் குணமாகும் வரை கூட்டத்துக்கு வராமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நபிகளார் (ஸல்) நமக்குக் காட்டிய வழிதானே?

தனியாரிடம் ஊசி போட வசதியில்லாத பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். இயன்றதைச் செய்வோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.