தூய்மைக்கு நான்கு பொருள்கள் போதும்



தரைக்கு ஒரு திரவம், கழிப்பறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாத்திரத்திற்கு ஒன்று என நம் மாதச் சாமான் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வண்ணமும் வாசனையும் வேறாயினும், அவற்றுள் பல செய்வது ஒரே வேலையைத்தான்.

வீட்டு அழுக்கைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கிற்குச் சோப்பும் சலவைச் சோடாவும் போதும். குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ போதும். செம்பின் களிம்பைப் புளி நீக்குவதும் அதிலுள்ள அமிலத்தாலேயே. ஆனால் சலவைக்கல், மொசைக் தரைகளில் புளிப்புப் பொருள் படலாகாது, மெருகு கெடும். கிருமிக்கு ப்ளீச்சிங் பவுடர். முதலில் அழுக்கைக் கழுவி, பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கும். ஆயினும் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று அழித்துவிடுவதால் பயன் குறைவு.

அதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ப்ளீச்சிங் பவுடருடன் ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915இல் முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற அதே நச்சு வாயு! கதவடைத்த கழிப்பறையில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆசிட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது. தாகத்தில் வரும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது.

குறைவாக வாங்குவோம், தனித்தனியே பயன்படுத்துவோம். பணமும் மிஞ்சும், உயிரும் காக்கப்படும்.