ஆடுகளத்தில் நம் பெண்கள்



சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டால் கோவிலைச் சுற்றும் கால்களுக்கு ஓய்வில்லை. ஆடிச்சுற்று என்பர் அதனை. நூற்றெட்டு முறை வலம் வருவதாக நேர்ந்துகொண்டு நடப்போர் பலர். அவர்களிலே தாய்மாரும் கன்னியரும் எத்தனை பேர்! கோமதியம்மை ஒற்றைக் காலில் நின்று தவமியற்றிய தலமன்றோ இது? கால் கடுக்க அவர்கள் நடப்பதைக் கண்டு, “பெண்ணுடம்பு இதைத் தாங்குமா?” என்று ஊரார் வினவுவதில்லை. அதே பெண் மாலையில் மைதானத்தைப் பத்து முறை சுற்றி ஓடினால் மட்டும் அந்த வினா பிறந்துவிடுகிறது. ஆகவே, உடல் வலிமையைப் பற்றிய ஐயம் உண்மையான தடையன்று என்பேன்.

தடை வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. தறியோசை கேட்கும் இவ்வூரிலும் பிற ஊர்களிலும், பள்ளி விட்டு வரும் சிறுவன் பையை வைத்துவிட்டுப் பந்தை எடுக்கிறான். அவன் தமக்கையோ குடத்தை எடுக்கிறாள். வேலை முடியும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. மைதானம் பொதுச் சொத்து என்று பெயர். மாலை வேளையில் அது ஆண்பிள்ளைகளின் சொத்து!

பெண்கள் ஆடுவதற்குப் பெருஞ்செலவு வேண்டுமோ? கபடியை எடுத்துக்கொள்வோம். மகளிர்க்கான களத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். அணிக்கு எழுவர். மட்டையில்லை, வலையில்லை, பூங்காவின் ஒரு மூலை போதும். பாடிச் செல்பவள் 30 நொடிக்குள் எதிரியைத் தொட்டு மீள வேண்டும். மூச்சும் துணிவும் மட்டுமல்ல, எவரைத் தொடலாம், எப்போது திரும்பலாம் என்ற கணக்கும் அந்த அரை நிமிடத்திற்குள் அடங்கியிருக்கிறது.

சென்னையில் கண்ணகி நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட எளிய மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அங்கே பயிற்சி பெற்ற கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவியாக ஆடினார். இறுதியாட்டத்தில் நம் அணி ஈரானை 75க்கு 21 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் கபடி 1990இல் இடம்பெற்றது. மகளிர் கபடியோ 2010இல்தான் சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகள் காக்கவைத்தோம்! பதக்கத்தினும் என் மனத்தைத் தொடுவது ஒன்றுண்டு. கார்த்திகா தனியே முளைத்தவரல்லர். அதே குடியிருப்பின் சிறுமியர் பலர் கூடிப் பயின்ற களத்திலிருந்து வந்தவர்.

கல்லூரி மாணவியரே, தெருவுக்கு எழுவரைச் சேர்க்க வல்லவர்கள் நீங்கள். வாரத்தில் மூன்று மாலை மைதானத்தின் ஒரு பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு தலைமையாசிரியரிடமும் நகராட்சியாரிடமும் கேளுங்கள். ஆட்டம் இருட்டுமுன் முடியட்டும். ஒரே தெருப் பெண்கள் சேர்ந்தே வீடு திரும்பட்டும். தயங்கும் அன்னையரை ஒரு நாள் களத்தோரம் வந்து அமரச் சொல்லுங்கள். மாணவர்களே, அன்று மாலை குடத்தை எடுப்பது உங்கள் முறை.