பல் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்

(விக்கிரமங்கலம் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது பல்லைப் பற்றி. "பல்லுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். பல் வலித்தால் கர்ப்பிணி சரியாகச் சாப்பிடமாட்டாள். தாய் சாப்பிடாவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? வீட்டுக்காரருக்குப் பல் வீங்கினால் அன்றைய கூலி போச்சு. ஆகவே இது குடும்பத்தின் காரியம்தான்.

பூச்சி இல்லை, கிருமி

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். உண்மையில் அங்கே பூச்சி எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பல்லில் படியும் இனிப்பையும் மாவையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஒரே நேரத்தில் தின்கிற இனிப்பைவிட, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற மிட்டாயும், அடிக்கடி குடிக்கிற சர்க்கரை போட்ட டீயும் அதிகக் கெடுதல்.

துலக்கும் முறை

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர்கள் பழமொழியிலேயே வைத்தார்கள். குச்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபுளோரைடு கலந்த பற்பசைதான் பல்லை அரிப்பிலிருந்து காக்கும். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல் வேண்டவே வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெதுவாக 2 நிமிடம் துலக்குங்கள். காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை. ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது. புருஷன் பெண்சாதி ஆனாலும் அப்படித்தான்! 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாறுதலால் ஈறு சீக்கிரம் வீங்கி ரத்தம் கசியும். ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும். மசக்கை வாந்தி வந்தவுடன் துலக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

கர்ப்பிணி பல் மருத்துவரிடம் போகலாமா? தாராளமாகப் போகலாம். 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் போக வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கர்ப்பிணி சாப்பிட்டால் பிறக்கும் குழந்தையின் பல்லில் நிரந்தரமாகக் கறை படியும்.

குழந்தைகளுக்கு

பால் பல் 20. முதல் பல் வந்த நாளிலிருந்தே துலக்கிவிடுங்கள். 3 வயதுவரை அரிசி மணியளவு பற்பசை, அதற்குமேல் 6 வயதுவரை பட்டாணியளவு போதும். "விழப்போகிற பல்தானே" என்று விடாதீர்கள். பால் பல் சொத்தையாகி முன்னதாகவே போனால், பின்னால் வரும் பல் இடம் தவறி முளைக்கும். 6 வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் அல்ல. அது ஆயுசுக்கும் வேண்டிய பல்.

வெற்றிலை, புகையிலை

பற்பொடியில் புகையிலை சேர்ப்பதை அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா விற்பனைக்கு 2013-ல் தடை வந்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கு நல்லதுதானே என்பார்கள். பாக்கே வாய்ப்புற்று உண்டாக்கும் என்பது ஆராய்ச்சியில் உறுதியாகியிருக்கிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது.

மருத்துவரிடம் போகும் முன்

பல் மருத்துவர் இருக்கும் நாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகும்போது:

1. பல் துலக்கி, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போய் மயங்கி விழுவோர் உண்டு. மருத்துவர் சாப்பிட வேண்டாமென்று சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடங்கள்.
2. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.
3. கர்ப்பம், இருதய நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எதையும் மறைக்காதீர்கள்.
4. எந்தப் பல், எத்தனை நாளாக, சூட்டுக்கு வலிக்கிறதா குளிர்ச்சிக்கு வலிக்கிறதா என்று யோசித்து வையுங்கள்.
5. வலிக்கும் இடத்தில் புகையிலை, மூக்குப்பொடி வைக்க வேண்டாம். கன்னத்தில் சூடு வைக்க வேண்டாம்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும், பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்பதெல்லாம் வீண் பயம். காறைதான் ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட்டுகிறது. அதை எடுத்தால் ஈறு தேறும். ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலடித்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். நாளைக் காலை வெளிச்சத்தில் வீட்டுக்காரர் வாயை வீட்டுக்காரம்மா பாருங்கள். அவர் வாயை இவர் பாருங்கள். உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம், ஈறு எல்லாம் பாருங்கள். பிறகு பிள்ளைகளின் வாயைப் பாருங்கள். காசு செலவில்லை, 5 நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.