புகார்ப் பொத்தானும் காவல் நிலையப் படியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமூக வலைத்தளங்களில் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். 'பிள்ளைங்க கையில போனைக் குடுக்காதீங்க' என்று பெற்றோருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகலாம். அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. தனக்கு நடந்ததைச் சொல்ல ஒரு குழந்தை வாய் திறக்கிறது. அந்தச் சொல் யார் கையில் போய் விழுகிறது? சேரியிலிருந்து வருகிற சொல் என்றால் அதற்கு என்ன ஆகிறது?

நாங்குநேரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டியது கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள். இவன் செய்த குற்றம் என்ன? தன்னைத் துன்புறுத்துகிறவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னான். அவ்வளவுதான். அரசு நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஊடகங்கள் சாதிக் கயிறு பற்றியே பேசித் தீர்த்தன. எனக்கு அந்த இரவு வேறொன்றைச் சொல்கிறது. புகார் சொல்கிற பிள்ளைக்கு இரண்டு வேண்டும். ஒன்று, சொன்னது யாரென்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. இரண்டு, சொன்ன பிறகு கூட நிற்க ஆள் வேண்டும். அந்தப் பையனுக்கு இரண்டுமே இல்லை.

இப்போது போனில் இருக்கிற பொத்தானைப் பார்ப்போம். தமிழில் வைத்துப் பார்த்தால் 'புகாரளி' என்று இருக்கும். அழுத்தினால் யார் அழுத்தியது என்று எதிராளிக்குக் காட்டுவதில்லை. இது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. நம் பள்ளிக்கூடம் தராத பாதுகாப்பு இது. அந்த அளவுக்கு அதை மதிக்க வேண்டும்.

பொத்தானுக்குப் பின்னால் ஒரு இயந்திரமும் இருக்கிறது. 2009-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து 'ஃபோட்டோ டிஎன்ஏ' என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு படத்தைக் கணக்குப் போட்டு எண்ணாக மாற்றி, கைரேகை மாதிரி வைத்துக்கொள்வது. அதே படம் மறுபடி எங்கே ஏறினாலும் ரேகை காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கச் சட்டப்படி, இப்படித் தெரியவந்ததை நிறுவனங்கள் அங்குள்ள காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2023-இல் மட்டும் அங்கே 3.6 கோடிக்கு மேல் தகவல்கள் குவிந்தன. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் அந்த மையத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்த வழியாகத்தான் 2020 ஜனவரியில் ஒரு தகவல் சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. 'டவுன்லோடு செய்து தனியாகப் பார்த்தது குற்றமில்லை' என்று 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குழந்தை 'ஆபாசப் படம்' என்றே சொல்லாதீர்கள், குழந்தை மீதான பாலியல் சுரண்டல் என்று சொல்லுங்கள் என்றது. கவிதை எழுதுகிறவனாக இந்தச் சொல் மாற்றத்தை முக்கியமாகப் பார்க்கிறேன். ஆபாசம் என்பது பார்க்கிறவன் ரசனையைப் பற்றிய சொல். சுரண்டல் என்பது குழந்தைக்கு நடந்த குற்றம். இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அமெரிக்க மையத்துக்குச் சொல்லிவிட்டோம் என்று நிறுவனங்கள் கைகழுவ முடியாது. போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் சொல்ல வேண்டும்.

அதெல்லாம் சரிதான். ஆனால் ரேகை என்பது ஏற்கெனவே பிடிபட்ட படத்துக்குத்தான். நம்ம தெருப் பிள்ளையை ஒருத்தன் நேற்று எடுத்த படம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்த முதல் படத்தைப் பற்றி யாராவது ஒரு மனுசர் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அந்தக் குழந்தை. இல்லையென்றால் அவளுடைய தோழி. இயந்திரத்தின் அத்தனை அறிவும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது.

பொத்தானை அழுத்தினால் வருகிற பட்டியலையும் கவனியுங்கள். எது துன்பம், எது துன்பமில்லை என்பதை எங்கோ உட்கார்ந்து வகுத்திருக்கிறார்கள். ஃபேஸ்புக் தொடங்கியது 2004-இல். வெறுப்புப் பேச்சு விதிகளில் 'சாதி' என்ற சொல் நுழைந்தது 2018-இல். யூடியூப் அதை எழுதியது 2019-இல். அதுவரை, நம் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அவர்கள் ஏட்டில் அது பெயரற்ற துன்பம். விதியில் சொல் ஏறிய பிறகும், தமிழ்நாட்டுத் தெருவில் எந்தச் சொல் வசவு, எந்த அரிவாள் படம் மிரட்டல், எந்தப் பாட்டு யாரைச் சீண்டப் போடப்படுகிறது என்பதெல்லாம் இங்கே வாழ்கிறவருக்குத்தான் புரியும். நீதி வழங்கும் இடத்தில் நம் மொழியும் இல்லை, நம் ஆளும் இல்லை. இது நமக்குப் பழக்கப்பட்ட நிலைமைதான்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருபவன். டோக்கன் கொடுத்தால் வேலை முடிந்தது என்று ஆகாது என்பது எனக்குத் தெரியும். எஃப்.ஐ.ஆர். போடாமல் காவல் நிலையத்தில் நீட்டுகிற மனு ரசீதும் டோக்கன்தான். 'உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்' என்று போனில் வருகிற செய்தியும் டோக்கன்தான். நிறுவனம் அதிகபட்சம் பதிவை நீக்கும், கணக்கை மூடும். குற்றவாளி அடுத்த தெருவில் நடமாடிக்கொண்டிருப்பான். நீக்கிய பதிவின் விவரத்தை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. நம்ம ஊர் காவல் நிலையம் மனு ரசீதோடு ஆறு மாதம் இழுத்தடிப்பது புதுசா என்ன? அதற்குள் சாட்சியம் போய்விடலாம். ஆகவே பொத்தானையும் அழுத்த வேண்டும், படியும் ஏற வேண்டும். ஒன்று போதும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

படி ஏறுவதற்குச் சட்டம் சில கைப்பிடிகளைத் தந்திருக்கிறது. 2012-இன் போக்சோ சட்டம் 24-ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் வாங்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. தகவலைப் பதிய மறுத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. 'பொய்ப் புகார்' என்று மிரட்டுவார்கள். குழந்தை மீது அந்த வழக்குப் போட முடியாது. குற்றவாளி தலித்தோ பழங்குடியோ அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். 'போக்சோவே கடுமையான சட்டம்தானே, அது எதுக்கு?' என்பார்கள். அது எதுக்கு என்று கேட்பதே சாதியை அழிக்கிற வேலை. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் அந்தச் சட்டத்தின் 3(2)(v) ஆயுள் தண்டனை வரை போகிறது.

இனி நமக்குள் பேச வேண்டியது. 2021 ஆகஸ்டில் டெல்லி பழைய நாங்கல் சுடுகாட்டில் 9 வயது தலித் சிறுமி இறந்தாள். பாலியல் வன்கொடுமை, கொலை, அவசரத் தகனம் என்று குற்றச்சாட்டு. பெற்றோரைச் சந்தித்த ராகுல் காந்தி அந்தப் படத்தை ட்விட்டரில் போட்டார். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் புகார் செய்தது. பதிவு மறைக்கப்பட்டது, அவர் கணக்கு சில நாள் பூட்டப்பட்டது. புகார் செய்வது ஆணையம் என்றால் பொத்தான் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். சேரிப் பிள்ளையின் விரலுக்கு அந்த வேகம் கிடைக்குமா என்று கேட்பது நியாயம்.

ஆனால் சட்டம் அங்கே சொன்னது தவறில்லை. போக்சோ 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி, குடும்பம் எதையும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. நம் தோழர்கள் துண்டறிக்கையிலும் வாட்ஸப்பிலும் முகத்தோடு போடுகிறார்கள். 'பேரைச் சொல்லலேன்னா மறந்துடுவாங்க' என்று வாதம் செய்கிறார்கள். இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நம் சாவுகள் எண்ணாகவே புதைக்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. இருந்தாலும் உயிரோடு இருக்கிற பிள்ளை நாளைக்கு அதே ஊரில் பஸ் ஏற வேண்டும், அதே பள்ளியில் உட்கார வேண்டும். அவள் முகம் நம் போராட்டத்தின் சொத்து இல்லை. ஊரைச் சொல்லாமல், முகம் காட்டாமல், குற்றத்தையும் சாதியையும் பதிய மறுத்த காவல் நிலையத்தையும் பற்றிப் பேச முடியும். அப்படிப் பேசப் பழக வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் ஆதாரத்துக்கென்று சேமிக்காதீர்கள், குழுவில் அனுப்பாதீர்கள். அனுப்புவதே குற்றம், அந்தக் குழந்தைக்கு மறுபடி ஒரு வன்முறை. கணக்கின் பெயர், இணைப்பு, நாள், நேரம் எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். அரசின் சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம். 1098 குழந்தைகளுக்கான எண். 'படத்தைப் போட்டுடுவேன்' என்று மிரட்டப்படும் பிள்ளைக்கு, அந்த அமெரிக்க மையம் 2023-இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' இருக்கிறது. படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. ரேகை மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதை வைத்துத் தடுக்கும். பேர் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பேர், கட்டாயம் ஒருவர் பெண், இந்தச் சட்டங்களைப் படித்து, பிள்ளையோடு படி ஏறத் தயாராக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட வழக்குகளில் மிகப் பெரும்பாலும் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவன். அவன் சில நேரம் நம் தெருக்காரன், நம் உறவுக்காரன், நம் கொடி பிடிக்கிறவன். அப்போது 'இயக்கத்துக்குக் கெட்ட பேர்' என்று ஒரு பிள்ளையின் வாயை மூடினால், ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், விவாதிப்போம்.