கேள்வி கேட்டவர் எழுதிய கதை



பேட்டி எடுப்பவர் தன் வரலாற்றை எழுதினால் அது எப்படி இருக்கும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதற்குக் கரண் தாப்பரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். டெல்லிக்காரர், ஆங்கிலத்தில் பேட்டி எடுப்பவர், அவருக்கும் நம் ஜெயமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அவர் எடுத்ததில் அதிகம் பேசப்பட்ட பேட்டிகளில் ஒன்று, வைகை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆண்டிபட்டித் தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினரோடு நடந்தது.

2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முதல்வர் பதவியை இழந்த ஜெயலலிதா, 2002 தொடக்கத்தில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். இடைப்பட்ட மாதங்களில் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் பெரியகுளம் தொகுதியின் அன்றைய உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 மே மாத மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. முடிவு வந்த சூட்டிலேயே மதமாற்றத் தடைச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் பி.பி.சி.யின் 'ஹார்டு டாக் இந்தியா' நிகழ்ச்சிக்காகக் கரண் தாப்பர் ஜெயலலிதா எதிரே உட்கார்ந்தார்.

அந்தப் பேட்டியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பிலேயே சூடு ஏறிவிட்டது. ஜோதிடம், எண் கணிதம் பார்த்து முடிவெடுப்பவர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே என்றார் தாப்பர். ஆதாரம் என்ன என்று திருப்பிக் கேட்டார் ஜெயலலிதா. அமைச்சர்கள் காலில் விழுகிறார்களே என்றார் தாப்பர். பெரியவர்களை வணங்குவது இந்த நாட்டுப் பண்பாடு, மற்ற தலைவர்கள் காலில் யாரும் விழுவதில்லையா என்று பதில் வந்தது. குறிப்பைப் பார்த்துப் பேசுகிறார் என்ற தொனியில் ஒரு பேச்சு வந்தபோது, யாரிடம் பேசினாலும் கண்ணுக்கு நேர் பார்த்தே பேசுகிறவள் நான் என்று அவர் சொன்ன வேகம் இன்னமும் காதில் நிற்கிறது. முடிவில் தாப்பர் வழக்கமான மரியாதைக்கு, உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று கை நீட்டினார். எனக்கு அந்த மகிழ்ச்சி இல்லை என்று நேருக்கு நேர் சொல்லி, ஒரு வணக்கத்தோடு மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்தார் முதல்வர்.

அந்தப் பேட்டியில் ஜெயித்தது யார் என்று இன்றும் வாதாடுகிறார்கள். என் கருத்து வேறு. நேரத்தின் பெரும்பகுதி, டெல்லிப் பத்திரிகைகள் ஜெயலலிதாவைப் பற்றி வரைந்து வைத்திருந்த சித்திரத்தை அவர் ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்பதிலேயே போய்விட்டது. நம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், முதல் கேள்வி கிணற்று மோட்டாரைப் பற்றி இருந்திருக்கும். கேள்வி எங்கிருந்து பிறக்கிறதோ, பதிலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும். தாப்பரின் திறமையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு; அதனால்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

சரி, யார் இவர்? 1955இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். அப்பா ஜெனரல் பி.என். தாப்பர், 1962 சீனப் போரின்போது இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. போரில் ஏற்பட்ட தோல்வியை அடுத்துப் பதவி விலகியவர். மகன் டூன் பள்ளியிலும், பிறகு கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். 1977இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்துக்கு இவர் தலைவர். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சங்கத்துக்குத் தலைவர் பேநசீர் பூட்டோ. அன்று தொடங்கிய நட்பு 2007 டிசம்பரில் பேநசீர் கொல்லப்படும்வரை நீடித்தது. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக நைஜீரியாவில் செய்தியாளராக இருந்துவிட்டு, லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனில் சேர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார்.

லண்டனில் அவர் கற்ற தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பிரையன் வால்டன் என்று ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, அதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர். அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேட்டிக்கு ஒரு குழுவே வாரம் முழுக்க உழைக்கும். இந்தக் கேள்விக்கு விருந்தினர் 'ஆமாம்' என்றால் அடுத்து என்ன கேட்பது, 'இல்லை' என்றால் என்ன, மழுப்பினால் என்ன என்று கிளை கிளையாக எழுதிவைப்பார்கள். எந்த மடையைத் திறந்தால் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று நீர்ப்பாய்ச்சிக்குத் தெரிந்திருக்கிற மாதிரி, பதில் எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும். 1989இல் மார்கரெட் தாட்சரை வால்டன் எடுத்த பேட்டி இப்படி நடந்ததுதான். நிதியமைச்சர் லாசன் பதவி விலகிய சமயம். தாட்சருக்கு வால்டன் நண்பர். ஒரே கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்க, நட்பு அத்தோடு போயிற்று.

நம் தொலைக்காட்சிகளில் இன்று நெறியாளர் என்றால் குரல் உயர்த்துபவர் என்று ஆகிவிட்டது. தாப்பரையும் அந்த வரிசையில் வைப்பவர்கள் உண்டு. வைக்கக் கூடாது. அவருடைய பலம் துணைக்கேள்வி. எதிரில் இருப்பவர் பத்தாண்டுக்கு முன்னால் சொன்ன வாக்கியம், தேதியோடு, அச்சிட்ட பத்திரிகையின் பெயரோடு கையில் இருக்கும். சன் தொலைக்காட்சியில் 1990களில் ரபி பெர்னார்டு நடத்திய 'நேருக்கு நேர்' நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு, குரலை உயர்த்தாமலே ஓர் அமைச்சரைத் திணறடிக்க முடியும் என்பது தெரியும்.

இன்னொரு பேட்டி. 2000ஆம் ஆண்டு, கிரிக்கெட் சூதாட்டப் புகார் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். கபில்தேவ் மீதும் குற்றச்சாட்டு. தாப்பர் எதிரில் உட்கார்ந்த கபில்தேவ் தேம்பித் தேம்பி அழுதார். உலகக் கோப்பையைத் தூக்கிய கைகளால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாடே பார்த்தது. அந்த நேரத்தில் கேமராவை நிறுத்தச் சொல்வதா, ஓடவிடுவதா? ஓடியது. அந்தக் கண்ணீர் அவருக்குப் பரிவைத் தேடித் தந்தது என்றும் சொல்லலாம், ஒரு மனிதரின் உடைவைக் காட்சிப்பொருளாக்கியது என்றும் சொல்லலாம்.

இதற்கு நாற்பது ஆண்டு முன்னால், 1960இல், பி.பி.சி.யில் 'ஃபேஸ் டு ஃபேஸ்' நிகழ்ச்சியில் இதே மாதிரி நடந்தது. கில்பர்ட் ஹார்டிங் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி ஆளுமையிடம், சாவை அருகில் இருந்து பார்த்ததுண்டா என்று கேட்டார் ஜான் ஃப்ரீமன். தாயின் மரணம் நினைவுக்கு வந்து ஹார்டிங் கண் கலங்கினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே ஹார்டிங் இறந்துவிட்டார். ஃப்ரீமனின் நிகழ்ச்சியில் கேமரா விருந்தினர் முகத்தை நெருக்கத்தில் காட்டும். ஃப்ரீமனின் பின்தலைதான் நமக்குத் தெரியும். பின்னாளில் இந்தியாவுக்குப் பிரிட்டிஷ் தூதராக வந்தார், 1965 முதல் 1968 வரை டெல்லியில் இருந்தார். 99 வயதுவரை வாழ்ந்து 2014இல் மறைந்தார். அத்தனை பேரின் அந்தரங்கத்தைக் கேட்ட அந்த மனிதர் தன்வரலாறு எழுதவில்லை. யாராவது பேட்டி என்று வந்தாலும் நழுவிவிடுவார்.

தாப்பர் எழுதினார். 2018இல் 'டெவில்ஸ் அட்வகேட்: தி அன்டோல்ட் ஸ்டோரி' வந்தது. ஃப்ரீமனின் மௌனத்தைவிட இது நேர்மையான வேலை என்று நான் கருதுகிறேன். அடுத்தவரைக் கேட்டே வாழ்ந்தவர் ஒருநாள் தானும் பதில் சொல்லக் கடன்பட்டவர். அந்தக் கடனை அவர் எவ்வளவு தீர்த்திருக்கிறார்?

சில இடங்களில் முழுமையாக. இளம் வயதில் நோயுற்று இறந்த மனைவி நிஷாவைப் பற்றி எழுதும்போது, தொலைக்காட்சியில் நாம் பார்த்த ஆள் அங்கே இல்லை. கை கட்டி நிற்கிற ஒரு கணவர் மட்டும் இருக்கிறார். பா.ஜ.க. தலைவர் அத்வானியோடு வளர்ந்த நெருக்கமும், பிறகு ஒரு பேட்டியால் வந்த முறிவும் அப்படித்தான். அந்த நெருக்கத்தில் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. பாகிஸ்தான் தூதர் அஷ்ரஃப் ஜஹாங்கீர் காஜியை இரவு நேரத்தில் தானே காரோட்டி அத்வானி வீட்டுக்கு ரகசியமாக அழைத்துச் சென்றிருக்கிறார் தாப்பர். அந்தச் சந்திப்புகளின் தொடர்ச்சியாக 2001இல் ஆக்ரா உச்சி மாநாடு வந்தது. அத்வானியும் தம் தன்வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. பேட்டியாளர் தூதராகலாமா? இரவில் அத்வானிக்காகக் கார் ஓட்டியவர், மறுநாள் அதே மனிதரை எதிரில் உட்காரவைத்து எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பார்? இந்த இடத்தில் தாப்பர் இன்னும் நின்று பேசியிருக்க வேண்டும். வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் அவர் விட்டிருப்பாரா? அடுத்த கேள்வி உடனே விழுந்திருக்கும். பிரதமர்கள், நடிகர்கள், பழைய நண்பர்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும் அத்தியாயங்களில் புத்தகம் இளைத்துப்போவதும் இதனால்தான். பெரியவர்களைத் தெரியும் என்பது செய்தி. தெரிந்திருந்ததால் எதைக் கேட்காமல் விட்டேன் என்பதுதான் தன்வரலாறு.

நரேந்திர மோடியோடு 2007இல் நடந்த பேட்டி மூன்று நிமிடம்தான். சி.என்.என்.-ஐ.பி.என். நிகழ்ச்சிக்காக அகமதாபாத்தில். குஜராத் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். 2002 கலவரத்துக்கு வருத்தம் தெரிவிக்கலாமே என்று கேள்வி நெருங்கியதும், முதல்வர் மோடி தண்ணீர் வாங்கிக் குடித்தார், நட்பு நீடிக்கட்டும் என்று சொன்னார், மைக்கைக் கழற்றினார். உலகமே பார்த்தது அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, பேட்டியைத் தொடரச் சொல்லித் தாம் மன்றாடியதையும், மோடி தமக்குத் தேநீரும் இனிப்பும் டோக்ளாவும் கொடுத்து உபசரித்ததையும் தாப்பர் எழுதுகிறார். படமாகாத அந்த ஒரு மணி நேரம் தன்வரலாறு இல்லாமல் நமக்குக் கிடைத்திருக்காது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் எழுதியிருக்கிறார்: பின்னாட்களில் ஆளுங்கட்சி அமைச்சர்கள் அவர் நிகழ்ச்சிக்கு வர மறுத்தார்கள்.

தமிழில் தன்வரலாறு நமக்குப் புதிதல்ல. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது. 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. அந்த நூலில் நான் வியப்பது, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தான் கேட்டு வாங்கிய ஒவ்வொன்றையும் அவர் எழுதிவைத்த விதம். பாடம் கேட்டல் என்பதைத் தம் வாழ்க்கைக்கே மையமாக வைத்த புத்தகம் அது. கேட்டவர் எழுதினால் எவ்வளவு நிறைவாக எழுதலாம் என்பதற்குத் தாப்பரைவிட உ.வே.சா.வே எனக்குப் பெரிய சான்று.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அதில் பேட்டி எடுக்கலாம். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதற்காக வீடு, காடு, கோயில் எல்லாம் விட்டு மேட்டுக்கு ஏறிய ஊர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தன. வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து அதைக் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதி, 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அது நாவல். அந்த இடப்பெயர்வைக் கண்ணால் பார்த்தவர்களின் சொந்த வாய்மொழி தனியாக வேண்டும். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல்.

போகும்முன் தயார் செய்துகொண்டு போங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய சர்வே எண் கேளுங்கள், எந்த ஊர் எங்கே இருந்தது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். "அம்மாச்சி, அப்ப எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், நல்லா இருந்துச்சுப்பா என்று பொதுவாகவே பதில் வரும். "தண்ணி ஏறுறப்ப வீட்டுல கடைசியா எதை எடுத்தீங்க? எதை விட்டுட்டு வந்தீங்க? மாட்டை எங்க கட்டுனீங்க? சர்க்கார் பணம் யார் கையில வந்துச்சு?" இப்படிக் கேளுங்கள். அவர் அழுதால் போனைக் கீழே வையுங்கள். தொடரலாம் என்று அவரே சொன்ன பிறகு எடுங்கள். திரும்பி வந்த அன்று இரவே, யாரிடம், எந்தத் தேதியில், எந்தத் திண்ணையில் கேட்டீர்கள் என்று எழுதிவைத்து, கேட்கத் தோன்றியும் கேட்காமல் வந்த கேள்வி எது என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியோடு மறுபடி போக வேண்டும்.