நிறுவனத்தின் நாவும் வாய்மை நெறியும்

(தசலட்சணப் பெருவிழாவில் உத்தம சத்திய நாளன்று ஆற்றப்பெற்ற உரை)



உத்தம சத்தியம் எனும் அறத்தைப் போற்றும் நன்னாள் இது. வாய்மை தனிமனிதர்க்கு உரிய விரதம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால், இக்காலத்தில் நிறுவனங்களும் பேசுகின்றன. அவற்றின் நாவாக இருப்பதற்கென்றே அலுவலர்கள் அமர்த்தப்படுகின்றனர். அந்த நாவுக்கும் வாய்மை விரதம் உண்டா? இதுவே இவ்வுரையின் பொருள்.

1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க நாட்டின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றிருந்தார். அம்மாநாட்டின் பயனாகத் தோன்றிய உலக வங்கி 1946இல் பணியைத் தொடங்கியது. 1949இல் இந்திய இருப்புப்பாதைகளுக்குக் கடன் வழங்கியது. அணை, பாசனம், மின்சாரம், கல்வி எனப் பல துறைகளில் வளர்ச்சிக்கு நிதி தரும் அந்நிறுவனத்தில் வெளித்தொடர்புக்கெனத் தனித்துறை உண்டு.

அத்துறையினரின் பணி யாது? செய்தியாளர்க்கு விடையளித்தல், நிதி வழங்கும் நாடுகளின் மக்கள் பிரதிநிதிகளுக்கு விளக்கம் கூறுதல், தொண்டு அமைப்புகளோடு உரையாடுதல், அறிக்கைகளைப் பல மொழிகளில் வெளியிடுதல் ஆகியன வெளிப்படத் தெரிபவை. தெரியாத பணி ஒன்றும் உண்டு. வெளியே மக்கள் கூறும் குறையை உள்ளே இருப்போர் செவிக்குக் கொண்டு சேர்ப்பதே அது. நாவாக மட்டுமன்றிச் செவியாகவும் இருத்தல் வேண்டும். செவி மூடிய நா எவ்வளவு இனிமையாகப் பேசினும் அது வெறும் விளம்பரமே.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளை எடுத்துரைக்கிறது. சினத்தை விடுதல், பேராசையை விடுதல், அச்சத்தை விடுதல், நகைமொழியை விடுதல், ஆராய்ந்து மொழிதல் என்பன அவை. பொய் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நன்கு உணர்ந்த வகைப்பாடு இது. குறைகூறுவோர்மேல் கொள்ளும் சினம், அடுத்த நிதி ஒதுக்கீட்டின்மேல் கொள்ளும் ஆசை, மேலிடத்தின் முகச்சுளிப்புக்கு அஞ்சும் அச்சம், எளியோர் முறையீட்டை நகையாடித் தள்ளும் போக்கு ஆகிய நான்கும் நிறுவனத்தின் நாவையும் பிறழச் செய்யும். இதற்கு நருமதை ஆற்றங்கரை சான்று பகரும்.

குசராத்தில் நருமதையின் குறுக்கே எழுந்த சர்தார் சரோவர் அணைத்திட்டத்துக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடனுதவிக்கு இசைந்தது. வறண்ட நிலங்களுக்கு நீர் கிடைக்கும் என்பது உண்மை. மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், குசராத்து ஆகிய மூன்று மாநிலங்களிலும் பழங்குடியினரும் உழவருமாகப் பல்லாயிரவர் தம் வீடும் நிலமும் நீரில் மூழ்கக் காண்பர் என்பதும் உண்மை. முதல் உண்மை உரக்கப் பேசப்பட்டது. இரண்டாவது உண்மை உரிய அளவில் கேட்கப்படவில்லை. ஆற்றங்கரை மக்கள் திரண்டெழுந்து போராடிய பின்னர், 1991இல் பிராட்போர்டு மோர்சு தலைமையில் சார்பற்ற ஆய்வுக்குழு ஒன்றை வங்கியே அமைத்தது.

1992 சூன் திங்களில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, வங்கிக்கு இனிப்பானதாக இல்லை. மறுகுடியமர்வு முறையாகத் திட்டமிடப்படவில்லை, பாதிக்கப்படுவோர் தக்கவாறு கலந்தாலோசிக்கப்படவில்லை, சுற்றுச்சூழல் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என அது கூறிற்று. 1993 மார்ச்சில் எஞ்சிய கடன் வேண்டா என இந்திய அரசு அறிவித்தது. அணைப்பணி உள்நாட்டு நிதியால் தொடர்ந்தது. 2017இல் அணை நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது.

இங்கு அநேகாந்த நோக்கு துணைசெய்யும். அணையால் நீர் பெற்ற உழவன் சொல்வதும் பொய்யன்று. ஊரிழந்த பழங்குடியினன் சொல்வதும் பொய்யன்று. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி அதுவே முழுமை என நாட்டும்போதுதான், சொல்லிய ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருப்பினும் சொல்லப்பட்டது பொய்யாகிறது. நிறுவனங்களின் நா பெரிதும் வழுக்கும் இடம் இதுவே.

நருமதை புகட்டிய பாடம் வீண்போகவில்லை. 1993 செப்டம்பரில் ஆய்வு மன்றம் ஒன்றை வங்கி நிறுவியது. உறுப்பினர் மூவர். வங்கித் திட்டத்தால் தீங்குறுவோர் இருவர் சேர்ந்து முறையிட்டாலும் அம்மன்றம் செவிசாய்க்கும். அது நிருவாகத்துக்கு அன்று, இயக்குநர் அவைக்கே விடை சொல்லும் கடப்பாடு உடையது. அதன் முதல் வழக்கு நேபாளத்தின் அருண் நீர்மின் திட்டம் பற்றியது. 1995இல் வங்கி அத்திட்டத்திலிருந்து விலகியது.

2010 சூலை முதல் நாளிலிருந்து, விலக்கப்பட்ட பத்து வகை நீங்கலாக வங்கியின் தகவல் அனைத்தும் பொதுமக்கள் காணத்தக்கன என்னும் நெறி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வெளியிடத்தக்கவை எவை எனப் பட்டியலிட்டனர். அதன் பின் மறைக்கத்தக்கவை எவை எனப் பட்டியலிட்டனர். தனிமனிதரின் சொந்தச் செய்திகளும், நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்பட்டவையும் அவ்விலக்குகளுள் அடங்கும். இதுவும் அருகன் நெறிக்கு இசைந்ததே. பொய்யாவணம் புனைதலையும், பிறர் மறைபொருளை வெளிப்படுத்தலையும் வாய்மை விரதத்தின் அதிசாரங்களாக ஒருங்கே வைத்து எண்ணியவர் சமணச் சான்றோர். மறைத்தல் எல்லாம் பொய்யன்று; பிறரைக் காக்க மறைப்பது வேறு, தம் பிழையைக் காக்க மறைப்பது வேறு.

வாசிங்டன் மாநகரம் தொலைவில் உள்ளது. ஆயினும் அங்கு எழுந்த வினா, அறக்கட்டளை, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகிய அனைத்தின் வாயிலிலும் நிற்கிறது. ஆண்டறிக்கையில் கட்டி முடித்த மண்டபத்தை எழுதுவோர், நின்றுபோன அன்னதானத்தையும் எழுதுகின்றனரா? கணக்குக் கேட்ட உறுப்பினரைப் பகைவராகக் கருதுகின்றனரா, செவிகொடுக்கின்றனரா? பெருவிழா நிறைவில், தெரிந்தும் தெரியாமலும் இழைத்த பிழைகளுக்காக ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டும் மரபு நம்முடையது. தனிமனிதர் கூசாது சொல்லும் அச்சொல்லை நிறுவனங்களும் கூசாது சொல்லுமாயின், அவற்றின் பெயர் குறையாது, நிலைபெறும்.

வாய்மை வளர்க! அறம் வெல்க!