உதிரப்போக்கும் உடற்பருமனும்

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உடையோர் 2015-16ஆம் ஆண்டில் நூற்றுக்கு 53 பேர். 2019-21ஆம் ஆண்டில் 57 பேர். அதே காலத்தில் மிகை எடையுள்ள பெண்கள் ஏறத்தாழ 21 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகப் பெருகினர். தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் இக்கணக்குகளில் முன்னதை வறுமையின் அடையாளமாகவும் பின்னதை வளத்தின் அடையாளமாகவும் கொள்வது வழக்கம். ஆயினும் ஒரே பெண்ணிடம் இரண்டும் சேர்ந்திருப்பதுண்டு. அவ்விரண்டையும் இணைக்கும் கண்ணிகளுள் ஒன்று கருப்பையின் உட்சவ்வு.

மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜென் அச்சவ்வை வளர்க்கிறது. சினைமுட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சிக்கு அணையிடுகிறது. உடற்கொழுப்பு மிகும்போது கொழுப்புத் திசுவிலும் கூடுதலாக ஈஸ்ட்ரோஜென் உருவாகிறது. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காவிடில் சினைமுட்டை வெளிப்படுவது தடைப்படலாம். அப்போது புரோஜெஸ்டிரோனும் போதிய அளவு சுரப்பதில்லை. அணையற்ற சவ்வு தடித்துப் பெரும்பாடு உண்டாகிறது. இழந்த ரத்தம் ரத்தசோகையாக முடிகிறது. சிலரிடம் உயிரணுக்கள் மாறுபட்டுப் புற்றுநோய்க்கும் வழி ஏற்படுகிறது.

இத்தொல்லையை வயதின் இயல்பென்று பொறுத்துக்கொள்வோர் ஒருபுறம். கருப்பையையே அகற்றிக்கொள்வோர் மறுபுறம். மேற்கூறிய வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். தேவையற்ற அகற்றங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. உயிரணு மாறுபாடற்ற சவ்வுத் தடிப்பு 20 ஆண்டுகளில் புற்றாக மாறுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையாலேயே அது குணமாகும். எடைக் குறைப்பும் துணை செய்யும். மாறுபாடு உண்டா இல்லையா என்பதைத் திசுப் பரிசோதனை காட்டிவிடும்.

30 வயது கடந்தோருக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம், வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் அரசுத் திட்டத்தில் நடைபெறுகின்றன. நோய்க்குறியற்ற பெண்கள் அனைவருக்கும் உட்சவ்வுப் பரிசோதனை வேண்டுவதில்லை. மாதவிலக்கின் ஒழுங்கைக் கேட்டறிந்து, எடை, சர்க்கரை அளவுகளோடு சேர்த்துப் பார்த்தாலே போதும். மருத்துவரிடம் அனுப்பவேண்டியவர் யார் என்பது புலப்படும். இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை.

1970 முதல் இரும்புச்சத்து மாத்திரைகள் நாடெங்கும் வழங்கப்பட்டு வருகின்றன. அவை இன்றியமையாதவை. ஆனால் உதிரப்போக்கின் காரணத்தை ஆராயாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகவே முடியும்.